குடையை விட்டு ஓடிய பந்து நாயகம்

மழை பிழையாது பெய்க, வயல் விளைக, ஆடுகளத்தில் புல் தழைக்க. செங்கரை நாடாளும் வெண்குடை வேந்தர் சேந்தனார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் அமைச்சர் ஆதன் கிழார் எழுதும் திருமுகம், ஆலந்துறை நாட்டைப் புரந்தருளும் அரசி பைந்தொடியார் திருமுன் செல்க. அரசியாரும், அவர்தம் குடிகளும், சென்ற நிறைமதி நாளில் எங்கள் களத்தில் புழுதி பறக்க ஓடிய வீரர்களும் நலமே வாழ்க.

அன்றைய பந்தாட்டத்தின் தீர்ப்பு செல்லுமோ செல்லாதோ என்று கேட்டு அரசியார் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. செல்லும் என்பதே விடை. அவ்விடை எங்கள் அவையில் பிறந்த கதையையும் மறைக்காமல் எழுதுமாறு வேந்தர் பணித்தார்.

எங்கள் நாட்டு வழக்கை அரசியார் அறிவார். ஆட்டத்துக்கு நடுவராக நிற்கும் பந்து நாயகம் களத்தில் வேந்தரின் கண்ணாவார். ஆகவே அவர் தலைமேல் வெண்குடை நிழற்ற வேண்டும். குடையை விட்டு ஓரடி நீங்கினாலும் அவர் பதவி போய்விடும். இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விதியை எழுதியவர், இதே ஓலையை எழுதும் ஆதன் கிழார்தாம். குடை பிடிப்பவன் நடப்பான், ஓடமாட்டான். பந்து நின்ற இடத்தைச் சுற்றியே ஆட்டம் நடக்கும்போது இதனால் கேடில்லை. பந்தை ஏந்திய வீரன் ஒருவன் களத்தின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் பாயும் நெடும்பாய்ச்சலில்தான் வம்பு. அவன் எல்லைக்கோட்டைக் கடந்து வெகுநேரம் கழித்தே நடுவர் அங்கே எழுந்தருளுவார்; வந்து, நடந்தது என்னவென்று சுற்றி நிற்போரைக் கேட்பார். சுற்றி நிற்போர் எங்கள் மக்கள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா? ஆட்டத்தில் வென்ற நாட்டுக்குரிய வெற்றி முரசு ஒன்பது ஆண்டுகளாக எங்கள் அரண்மனையிலேயே இருந்ததற்கு எங்கள் வீரரின் கால்வலிமையே காரணம் என்று நம்பி வந்தோம். அதற்குமேல் இவ்வோலை வாய் திறவாது.

பந்து நாயகம் காரி நக்கனுக்கு வயது ஐம்பது, தொந்தியும் உண்டு. சென்ற ஆண்டு அவர் ஒரு நெடும்பாய்ச்சலை அறுபது கோல் தொலைவு பின்னாலிருந்து பார்த்து, ஓடிய எங்கள் வீரனின் முதுகை மட்டுமே கண்டு, கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு வெற்றி சொன்னார். உங்கள் வீரன் ஒருவன், மிதித்தால் பாய்ச்சல் செல்லாத பக்கக்கோட்டின் சுண்ணாம்பில் பதிந்திருந்த காலடியைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனான். அன்று முதல் நக்கனுக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். விடியலில் ஆளில்லாத களத்துக்குப் போய்த் தனியே ஓடிப் பழகினார். பந்தைத் துரத்துகிறவன் என்றும் பிந்தியே வருவான், முன்னே போய் நிற்பவனே காண்பான் என்பது அவருக்குப் புலப்பட்டது.

ஆகவே இவ்வாண்டு துணை நடுவர் இருவரில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பந்து போன பின்னும் அங்கே எவன் எவனை இழுக்கிறான், தள்ளுகிறான் என்று பார்க்கச் சொன்னார். மற்றவரை வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடிவரச் சொல்லி, இடப்பக்கத்தைத் தாமே ஏற்று, வீரர்களுக்கு இருபது கோல் முன்னால் நின்றார். குடையும் அவரோடு நின்றது.

ஆட்டம் சமமாகவே போயிற்று. சமமானால் வெற்றி விருந்தினர்க்கே என்பது பழைய மரபு. கடைசிப் பாய்ச்சல் எங்களுடையது. வேந்தரின் தம்பி கதிரனார் பந்தை ஏந்தி, உங்கள் வீரர் நால்வரை ஏமாற்றி, வெட்டவெளியில் பாய்ந்தார். நக்கன் குடைக்காரன் பொத்தனை ஒருமுறை பார்த்தார். பதவியை நினைத்தார், சுண்ணாம்பில் கண்ட காலடியையும் நினைத்தார். பிறகு ஓடினார். பந்துக்கு முதுகு காட்டாமல், கழுத்தைத் திருப்பியபடி, தலைப்பாகை அவிழ்ந்து தொங்க ஓடினார். ஐயா நில்லுங்க, குடை குடை என்று பொத்தன் அலறிக்கொண்டு பின்தொடர்ந்ததும், காற்று குடையோடு அவனையும் இழுத்துப் போனதும், கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்ததும் உலகறியும். கதிரனாருக்கு முன்பே நக்கன் எல்லைக்கோட்டை அடைந்து அசையாது நின்றார். ஓடுகிற கண் உறுதியாகக் காணாது. எல்லைக்கோட்டுக்கு இரண்டு கோல் இருக்கும்போது கதிரனாரின் இடக்கால் பக்கக்கோட்டை மிதித்தது. வேந்தரின் தம்பி என்றும் பாராமல், வெற்றி இல்லை என்று நக்கன் கையசைத்தார்.

மறுநாள் அவையில் ஆதன் கிழார் எழுந்தார். குடையை நீங்கியவன் பதவி நீங்கியவன், பதவி நீங்கியவன் சொன்ன தீர்ப்பும் செல்லாது என்று வெகு நேரம் முழங்கினார். நக்கன் மறுக்கவில்லை. குடையும் தாமும் சேர்ந்து கோட்டுக்குப் போக முடியாது, ஒருவர்தான் போக முடியும், பார்க்கத் தெரிந்தவர் போனார் என்று மட்டும் சொல்லி, இலச்சினை மோதிரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்போது கதிரனார் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார். வீரக்கழலில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

வேந்தர் விதியைச் சோதிக்க விரும்பி, விடிந்ததும் குடையின் கீழ் ஓடிப் பார்க்கத் தாமே களத்தில் இறங்கினார். குடை பிடிப்பது யார் என்று கேட்டதற்கு, விதியை எழுதியவரே பிடிக்கட்டும் என்றார். பன்னிரண்டாம் கோலில் குடை மல்லாந்தது, அமைச்சரும் மல்லாந்தார். வேந்தர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சற்றுப் பொறுத்து, புல்லில் கிடந்தபடியே அமைச்சரும் சிரித்தார்.

ஆதலால் ஆணையாவது: குடை இனி நடுவரைத் தொடராது. இரு எல்லைக்கோடுகளிலும் ஒவ்வொரு குடை ஊன்றி நிற்க, நெடும்பாய்ச்சல் எழுந்தால் பந்து நாயகம் பந்துக்கு முன்னே அந்நிழலை அடைந்து அசையாது நின்று காண்க. துணை நடுவர் பின்னும் பக்கமும் காத்து, பந்தைத் தமக்கு நடுவே வைத்தே ஓடுக. காரி நக்கன் கால் ஓடும் வரை பதவி அவருடையதே.

வெற்றி முரசு இவ்வோலையுடன் வருகிறது. அதைச் சுமந்து வரும் கிழவர் மூச்சு வாங்கினால் மோர் தந்தருள்க. அவர்தாம் ஆதன் கிழார். உங்கள் நாட்டு எல்லைக்கல்லில் அவருக்கு முன்பே ஒருவர் வந்து நின்றிருப்பார். முரசு கல்லைக் கடந்தது என்று நக்கன் இரு கையும் உயர்த்திய பின்னரே அது உங்களுடையதாகும்.

வெண்குடை இலச்சினை பொறித்தோம். இப்படிக்கே ஆகுக.