வாங்குவதா, இலவசமா

செவ்வாய், பெப். 7

காலையிலிருந்து மழை. பெப்ரவரி பிறந்தும் விடவில்லை. மீனவர் சங்கக் கந்தோர் வாசலில் மூன்று மான்கள். ஒன்று குப்பைக் கூடைக்குள் தலையை விட்டுப் பழைய விண்ணப்பப் படிவம் தின்றது. விரட்ட மனமில்லை. அந்தப் படிவத்தை வேறு யார் கேட்கப் போகிறார்கள்.

கொழும்பிலிருந்து கடிதம். எங்கள் சங்கத்துக்கு மூன்று கொம்பியூட்டர் தந்த நிறுவனம். மூன்றிலும் இருக்கும் எழுத்து, கணக்கு மென்பொருள் களவுப் பிரதியாம். (இல்லை என்று யார் சொன்னது.) மாத முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒன்றில் காசுக்கு வாங்கலாம், அவர்கள் உதவுவார்கள். அல்லது இலவசமாகக் கிடைப்பதைப் போடலாம். எது என்று 'அலுவலகப் பொறுப்பாளர்' முடிவெடுத்து எழுதட்டும்.

அலுவலகப் பொறுப்பாளர் நான். என்னைத் தவிர அங்கே இருப்பது ஒரு மின்விசிறி.

இனி இந்தக் கொப்பியில்: கா. = காசுக்கு வாங்குவது. இ. = இலவசம்.

ஜெசீலாவுக்கு ரெலிபோன். கிண்ணியாவில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துபவள். எங்கள் மூன்றுக்கும் ஏதும் வந்தால் பார்த்துத் தருபவளும் அவள்தான். "நாளைக்கு வாறன் அக்கா. இலவசம் எங்கிட்ட சீடியில கிடக்கு."

வாங்க: நுளம்புத்திரி, டிஸ்கட் ஒரு பெட்டி, சீனி.
இரவுக்குப் பாணும் மத்தியானச் சொதியும்.

புதன், 8

மழை இல்லை. புழுக்கம்.

ஜெசீலா தாமதமாக வந்தாள். கிண்ணியாத் துறையில் பாதை, பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் அந்த மிதவை, நடுத்தண்ணீரில் நின்றுவிட்டதாம். பிறகு சீனக்குடாவில் எல்லாரையும் இறக்கிச் சோதனை. வந்து கதிரையில் விழுந்தவள் தண்ணீர் குடித்த பிறகுதான் கதைத்தாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

கா. நல்லது: அரசாங்கக் கச்சேரியிலும் வங்கியிலும் அதுதான். கைப்பழக்கம். கொழும்புக் கொம்பனி ஆள் ஒரு தரம் வந்து போட்டுவிட்டுப் போவார்.
கா. கெட்டது: ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் தனி உரிமம். புதுப் பதிப்பு வந்தால் மறுபடி கொழும்பின் முகத்தைப் பார்க்க வேண்டும்.
இ. நல்லது: யாரையும் கேட்க வேண்டாம். எத்தனையிலும் போடலாம். கொடுக்கலாம்.
இ. கெட்டது: எல்லாம் இடம் மாறி இருக்கிறது. பழைய கோப்புகளில் அட்டவணை கோணுகிறது. ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும்.

"நிமிர்த்த எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ரெண்டு மாசமாவது அக்கா. கிழமைக்கு ரெண்டு தரம் வந்து போகோணும்."

பிறகு தானாகவே சொன்னாள். "காக்கா இப்ப டவுனுக்கு விடுறாரில்ல. வேல இருந்தாப் போ, சும்மா போகாத எண்டுட்டார்." மூத்த சகோதரன். புருஷன் விட்டுப் போன பிறகு இவளும் மகளும் அவர் வீட்டில்தான். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பார்சலைப் பிரித்தாள். அவளுடைய மீன் பொரியலில் பாதி எனக்கு. என் கத்தரிக்காய்ப் பால்கறியில் பாதி அவளுக்கு.

சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார். "சும்மா தாற சாமானை என்னெண்டு நம்புறது? வாங்குவம் பிள்ளை."

வீடு. முன்வீட்டுக்காரர் இந்தியா போன பிறகு அந்த வாசல் விளக்கும் இல்லை. அண்ணா குடும்பம் கனடாவில். வீட்டைப் பார்க்க ஓராள் வேண்டும் என்று நான் நின்றேன். வீடு நன்றாகத்தான் இருக்கிறது.

யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். கா. போட்டால் ஜெசீலா வரமாட்டாள். இ. போட்டால் வருவாள்.

வியாழன், 9

இ.

மூன்றிலும் பழையதை எடுத்துவிட்டு ஜெசீலா புதியதைப் போட்டாள். தலைவரிடம் நான் நியாயம் சொன்ன விதம் எனக்கே ஆச்சரியம். உரிமம், சுதந்திரம், எதிர்காலம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, நீர்தானே பொறுப்பு" என்றார்.

மத்தியானம் அவள் வீட்டிலிருந்து ரெலிபோன். மகளுக்குக் காய்ச்சல். எனக்குச் சொல்லித் தந்த பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினாள். பார்சல் பிரிக்கவில்லை. என்னுடையதைத் தனியே சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

பின்னேரம் சல்லிக் கிராமத்துப் படகுகளின் பாஸ் விபரம் தட்டினேன். பாஸ் இல்லாமல் கடலில் இறங்க நேவி விடாது. படகு இலக்கம், ஓட்டி, கூடப் போகிறவர், எதிரெதிரே. கீழே இறக்கக்கண்டி ஊர்ப் படகுகள். பாஸ் கந்தோர் தாளில் வாங்காது. டிஸ்கட்டில் கொடுத்தால் தங்கள் பிறிண்டரில் எடுத்து முத்திரை குத்தித் தருவார்கள். அங்கே இருப்பது கா. அதனால் அந்த வடிவத்தில் சேமித்து அனுப்பினேன். ஒரு தடை சொல்லாமல் சேமித்தது. பெருமையாக இருந்தது.

திங்கள், 13

வெயில். கடைசியில் வெயில்.

கதவு திறக்க முன்னமே சல்லிச் சங்கச் செயலாளர் செல்லத்துரை அண்ணன் வாசலில். சைக்கிளைச் சாத்தவும் இல்லை, கையிலேயே பிடித்தபடி.

"தங்கச்சி, என்ர படகுக்கு ஆரோ இறக்கக்கண்டியான்ர பேர் போட்டுக் கிடக்கு. என்ர பேர் வேற படகுக்கு."

முத்திரை குத்திய தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அங்கே திறந்தபோது அட்டவணை ஒரு வரி வழுக்கியிருக்கிறது. இலக்கங்கள் நின்ற இடத்தில் நிற்க, பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே. ஆளுக்கு ஆள் மாறி, சல்லி முழுக்கப் பிழை.

"விடியக் கரையில மறிச்சுப்போட்டாங்கள். பாஸில பேர் ஒண்டு, அடையாள அட்டையில பேர் ஒண்டு. மருமோனைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள்."

"ஐயோ. இப்ப எங்கை?"

"விட்டிட்டாங்கள். அடிக்கேல்லை. இருத்தி வைச்சுக் கேட்டவங்களாம். மகள் அதுவரைக்கும் கரையிலையே நிண்டவள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு." கொஞ்சம் பொறுத்து, "இனிப் புது பாஸ் வாறவரைக்கும் ஒரு படகும் இறங்க ஏலாது."

என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

தலைவர் ஏசினார். "நான் அப்பவே சொன்னனான். வியாழக்கிழமை வரைக்கும் பாப்பன். சரிவராட்டி வாங்கிறதுக்கு எழுதிக் குடுப்பன்." வாங்கினாலும் கொழும்பு ஆள் இந்த நிலையில் எப்போது வருவார்? அதுவரை சல்லி என்ன தின்னும்?

ஜெசீலாவுக்குச் சொன்னேன். "நாளைக்கு விடிய வாறன் அக்கா. ஒண்டிலயும் கை வைக்காதிங்க."

பின்னேரம் சந்திப் பக்கம் வெடிச் சத்தம். கடைகள் படபடவென்று பூட்டு. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

செவ்வாய், 14

ஹர்த்தால். வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. எங்கோ ரயர் எரிகிற மணம். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருவர்:

"கிண்ணியாப் பக்கத்து ஆக்களைத் தேடுறாங்களாம்."
"ஆர்?"
"ஆரெண்டு ஆருக்குத் தெரியும்."

விடிந்தும் விடியாமலும் ரெலிபோன். ஜெசீலா.

"வெளிக்கிட்டுட்டன் அக்கா. பாதை ஓடுதாம். சல்லி ஆக்கள்ர கதைய காக்காட்ட சொன்னன். பாவம், அப்படியெண்டாப் போ எண்டார்."

"வரவேண்டாம்."

"ஏன்?"

பயம் என்று சொன்னால் வருவாள். அவளைத் தெரியும். பயம் என்றால் கட்டாயம் வருவாள்.

"சரிவந்திட்டுது. நேற்றுப் பின்னேரம் நானே திருத்தினனான்."

"அட்டவணையையா? நீங்களா?"

"ஓம். நான்தான்."

பின்னால் யாரோ பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"அப்ப எனக்கு இனி அங்க வேல இல்லியா அக்கா?" சிரிப்பது போலத்தான் கேட்டாள்.

"இல்லை. எல்லாம் பழகிட்டன்."

"நல்லம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஒன்றும் சரிவரவில்லை. ஒன்றும் பழகவில்லை.

பிந்திக் கேள்விப்பட்டது: சீனக்குடா வீதியில் ஒரு பஸ்ஸை மறித்து அடித்தார்களாம். யார் யாரை என்று ஆளுக்கொரு கதை. குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், எதற்கு என்று மறந்து நின்றேன்.

புதன், 15

வீதியில் கொஞ்சம் ஆள் நடமாட்டம். கந்தோருக்கு நடந்து போனேன்.

பக்கத்தில் ரெலிபோன், போட்டோக்கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையில் கா. இருக்கிறது. கடைக்காரர் அரைக்கதவு திறந்து வைத்திருந்தார். எங்கள் இ.யில் திருத்துவது, டிஸ்கட்டில் எடுப்பது, அவர் கடையில் திறந்து பார்ப்பது, திரும்பி வருவது. அதுதான் வேலை.

எழுத்தைச் சின்னதாக்கினேன். இல்லை.
வரிக்கோடுகளை எடுத்தேன். இன்னும் மோசம்.
சல்லியை ஒரு தாளிலும் இறக்கக்கண்டியை ஒரு தாளிலும் பிரித்தேன். முதல் தாள் சரி. இரண்டாவதில் கடைசிப் பெயர் ஓடிப் போய்த் தனித்தாளில் நின்றது.
முழுவதையும் அழித்துப் புதிதாகத் தட்டினேன். பழையபடி.

கடைக்காரர்: "என்ன அக்கா, நடந்து நடந்து செருப்புத் தேயப்போகுது."

மத்தியானம் பார்சலைத் திறக்காமலே இருந்தேன். அழுகை வந்தது. வந்தால் வரட்டும், மின்விசிறிதானே பார்க்கிறது. முகத்தைத் துடைத்துவிட்டு, ஜெசீலா இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். எதையும் அவசரப்பட்டு அமத்தமாட்டாள். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டியை வைப்பாள், அது என்ன சொல்கிறது என்று வாசிப்பாள், பிறகுதான் அடுத்தது.

அப்படியே செய்தேன். பிறிண்டர் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் படம். அதுவும் பிறிண்டர் சம்பந்தமானது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பி.டி.எப். ஆகச் சேமி என்றது. அச்சிட்ட தாள் போலவே ஆகிவிடும் கோப்பு. ஒருவரும் அதற்குள் கை விட ஏலாது, எழுத்தும் அசையாது.

டிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். திறந்தது. ஒவ்வொரு பெயரும் தன் படகுக்கு நேரே. எங்கள் திரையில் எப்படியோ அப்படியே.

"என்ன அக்கா, சிரிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். சொல்ல இருப்பவள் ஒருத்திதான். அவளுக்கு நேற்றே சொல்லியாகிவிட்டது.

வியாழன், 16

செல்லத்துரை அண்ணனும் நானும் பாஸ் கந்தோருக்கு. வாசலில் பையைத் திறந்து காட்டி, டிஸ்கட்டைத் தூக்கிப் பார்த்து, உள்ளே விட்டார்கள். கிளார்க் இளைஞர், சிங்களவர். கொஞ்சம் தமிழ் கதைப்பார்.

"இது வேற மாதிரி கோப்பு, மிஸ்."

"திறந்து பாருங்கோ. திறக்காட்டி நான் பிழை."

கொம்பியூட்டர் யோசித்தது. செல்லத்துரை அண்ணன் என் பக்கத்தில் நின்றார். அவருக்கு அந்தத் திரையில் எதைப் பார்ப்பது என்று தெரியாது, என் முகத்தையே பார்த்தார்.

திறந்தது.

"ஆ, இது நல்லது. போன தடவ எல்லாம் அங்க இங்க போச்சு. இனி இப்பிடியே கொண்டு வாங்க."

அச்சிட்ட தாளில் செல்லத்துரை அண்ணன் வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். தன் மருமகன் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. "சரி தங்கச்சி" என்றார். வெளியே வந்ததும் சைக்கிளில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். பின்னேரத்துக்கே வள்ளம் இறக்க வேண்டுமே.

வெள்ளி, 17

கொழும்புக்கு எழுதியாகிவிட்டது. முடிவு: இ., மூன்றிலும். காரணம்: யார் தயவும் இல்லாமல் ஓடும், வெளியே போகும் கோப்புகளை அசையாத வடிவில் அனுப்ப ஏலும், பழகிய ஆள் கந்தோரிலேயே உண்டு. தலைவர் வாசித்துக் கையெழுத்து வைத்தார். "சும்மா தாறதிலயும் சாமான் இருக்குத்தான்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

காரணத்தில் ஜெசீலா இல்லை. போன கிழமை அவளைத் தவிர வேறு காரணமே எனக்கு இல்லை. இப்போது எழுதியதெல்லாம் உண்மை. உண்மையாக இருந்தும் கையெழுத்துக்கு நீட்டும்போது மனம் வெறுமையாக இருந்தது.

சல்லியிலிருந்து ஒரு பாரை மீன் வந்தது. ஒரு ஆளுக்கு அது என்னத்துக்கு. பாதியைக் கொமினிகேஷன்காரருக்குக் கொடுத்தேன்.

திங்கள், 20

பஸ் ஓடுகிறது. பாதையும் ஓடுகிறதாம். கந்தோரில் வேலை குறைவு. பழைய கோப்புகளில் பத்துப் பதினைந்து நிமிர்த்தினேன்.

ரெலிபோனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து. ஏதாவது உடைந்துவிட்டது என்று சொல்லலாம். பிறிண்டர் வேலை செய்யவில்லை எனலாம். பிறிண்டர் நன்றாக வேலை செய்கிறது.

"ஜெசீலா. வேலை ஒண்டுமில்லை. சும்மா எடுத்தனான்."

"சும்மாவா?" நம்பாதவள் போல. பிறகு, "அந்த அட்டவணைய எப்படி அக்கா திருத்தினிங்க? நானும் இங்க போட்டுப் பாத்தன், எனக்கு வரல்லியே."

சொன்னேன். சின்னப் படம், பி.டி.எப்.

"அட. அத நான் யோசிக்கல்ல. அத எப்ப கண்டுபிடிச்சிங்க, நான் வெளிக்கிடுறதுக்கு முன்னமா, பொறகா?"

ரெலிபோன் வயரை விரலில் சுற்றினேன்.

"நான் நினைச்சன்" என்றாள். "அண்டைக்கு சீனக்குடாவில அடிச்ச அந்த பஸ்ஸிலதான் நான் வந்திருப்பன் அக்கா."

பிறகு அவளே சொன்னாள்:

"சும்மா வர காக்கா விடமாட்டார். நீங்க வாங்களன் இங்க. ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வாங்க."

நான் போவது என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை எனக்கு. ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய் எவ்வளவு காலம். ஓம் என்றேன். வைத்த பிறகும் ஓம் என்றேன்.

வெறுங்கையோடு போக ஏலாது. பிஸ்கட் ஒரு பெட்டி. மகளுக்கு ஏதாவது, சட்டைத்துணி, இல்லாவிட்டால் நிறப்பென்சில். அவளுக்கு எத்தனை வயது? பெயர் என்ன? இவ்வளவு நாளும் கேட்கவில்லையே நான்.