வலது பக்க ஸ்பீக்கர்

மார்ச் 4

அன்புள்ள பத்துவிரலுக்கு,

வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

உங்கள் நால்வர் குழுவின் புது ஜாஸ் ஆல்பத்துக்குப் பத்திரிகையில் விமர்சனம் எழுதினேன் அல்லவா, அதைக் கேட்ட நாட்களில் என் வீட்டில் ஒரு ஸ்பீக்கர் ஊமையாக இருந்திருக்கிறது. ஒயர் கழன்று கிடந்ததை நேற்றுதான் பார்த்தேன். உன் பியானோ முழுவதும் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். என் காதில் விழுந்தது சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். நானும் பெரிய மேதை மாதிரி எழுதிவிட்டேன்: "பியானோக்காரர் இந்த ஆல்பத்தில் செய்திருக்கும் ஆகச் சிறந்த காரியம், வாசிக்காமல் இருந்தது. மற்ற மூவரும் மூச்சுவிட இடம் தந்து ஒதுங்கி நிற்கிறார்."

ஒதுங்கி நிற்பதா, நீயா? ஹாஸ்டலில் சாப்பாட்டு மேஜையைக்கூடச் சும்மா விடாமல் பத்து விரலாலும் தட்டித் தட்டி, பக்கத்தில் இருந்தவன் குழம்பைக் கவிழ்த்தவன் நீ. எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன மாதம் வேறொரு மூவர் குழுவின் டிரம்மரை "சிம்பலைத் துறந்த துறவி" என்று புகழ்ந்ததும் இதே ஸ்பீக்கரின் கைங்கரியமாக இருக்கலாம். அதை யாரிடமும் சொல்லிவிடாதே.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உங்கள் டிரம்மரின் மனைவியைப் பார்த்தேன். "அடுத்த ஆல்பம் பியானோ இல்லாமத்தான் பண்றாங்களாம். நீங்க எழுதினதைப் படிச்சிட்டுத்தான் முடிவு பண்ணாங்க" என்றார். அவருடையது ஊசி போட்டு மரத்த வாய். அதனால் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு என் பல் வலிக்கவில்லை, வேறு எங்கேயோ வலித்தது.

உண்மையா? எழுது.

உன்,
காது

*

மார்ச் 11

அன்புள்ள காதுக்கு,

உண்மைதான். சாக்ஸபோன்காரர் உன் விமர்சனத்தை வெட்டி ஒத்திகை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் என் வாசிக்காத பெருமையை நானே படிக்க வேண்டியிருக்கிறது. பதினாறு வருடமாக இருக்கும் குழு இது. எனக்கு வேறு குழு கிடையாது, இந்த வயதில் கிடைக்கவும் கிடைக்காது. அடுத்த பதிவு மே மாதம். "நீ ரெஸ்ட் எடு, பார்க்கலாம்" என்கிறார்கள்.

இதற்கு நடுவில் போன வாரம் ஒரு கச்சேரி. கோபத்தில், சரி, விமர்சகர் வாக்கு பலிக்கட்டும் என்று ஒரு பாட்டு முழுவதற்கும் பதினோரு சுரம்தான் வாசித்தேன். எண்ணித்தான் வாசித்தேன். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. என்னைப் பாராட்டினார்களா, நான் நிறுத்தியதைப் பாராட்டினார்களா என்று இன்றுவரை தெரியவில்லை. என் மனைவியைக் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாள். அவள் பேச்சை மாற்றினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். திருத்தம் போடு. ஸ்பீக்கர் விஷயத்தை அப்படியே எழுது. எந்தப் பக்க ஸ்பீக்கர் என்று சொல்லவில்லையே, வலதா இடதா? அதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
பத்துவிரல்

*

மார்ச் 20

அன்புள்ள பத்துவிரலுக்கு,

வலது. நிச்சயமாக வலது. என் மனைவி இஸ்திரிப் பெட்டிக்காக அந்த மூலையில் இருந்த பிளக்கைப் பிடுங்கியபோது ஒயரும் கூடவே வந்திருக்கிறது. இப்போது ஒயரை மாட்டி, உன் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பியானோ வலது பக்கத்திலிருந்து ஆறு மாதிரி கொட்டுகிறது. மூன்றாவது பாட்டில் சாக்ஸபோன் ஏதோ கேள்வி கேட்கிறது, அது முடிப்பதற்குள் நீ நான்கு பதில் சொல்லிவிடுகிறாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையா நிறையா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. என் குழப்பத்துக்குத்தான் பத்திரிகை சம்பளம் தருகிறது.

ஆசிரியரிடம் திருத்தத்தைக் கொண்டுபோனேன். "என்னய்யா இது? அந்த விமர்சனத்துக்குத்தான் பதினாலு வாசகர் கடிதம் வந்திருக்கு. இனிமே ஒரு ஸ்பீக்கர்லயே கேளு" என்றார். இது வெளியே வந்தால் வருடக் கடைசியில் வரும் சிறந்த ஆல்பங்களின் பட்டியலை என்னிடம் தரமாட்டேன் என்றும் சொன்னார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை இதழில் கட்டம் கட்டி வருகிறது: "விமர்சகரின் வலது ஸ்பீக்கர் பழுதுபட்டிருந்ததால், ஆல்பத்தில் பியானோ இல்லை என்ற தொனியில் எழுதப்பட்டுவிட்டது. பியானோ இருக்கிறது, நிறைய இருக்கிறது. வருந்துகிறோம்." "நிறைய" என்பது ஆசிரியர் சேர்த்தது. நான் இல்லை.

அலுவலகத்தில் இப்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஒத்தக்காது" என்கிறார்கள். கேலி ஒரு பக்கம் கிடக்கட்டும். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா?

உன்,
காது (ஒன்று)

*

ஏப்ரல் 2

அன்புள்ள காதுக்கு,

சேர்த்துக்கொண்டார்கள். மே மாதப் பதிவில் நான் இருக்கிறேன்.

உன் திருத்தத்தை ஒத்திகை அறையில் சாக்ஸபோன்காரர்தான் உரக்கப் படித்தார். "வலது ஸ்பீக்கர்" என்ற இடத்துக்கு வந்ததும் டிரம்மர் ஸ்டூலை விட்டு இறங்கி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். சாக்ஸபோன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்காக ஒருத்தன் ஊர் முன்னாடி இவ்வளவு பெரிய முட்டாளா நிக்கிறான். உன்னை எப்படிப்பா வெளியே அனுப்பறது?" என்றார். கதவில் இருந்த விமர்சனத்தைக் கிழித்துவிட்டு, அங்கே திருத்தத்தை ஒட்டினார்.

நீ ஹாஸ்டலிலேயே இப்படித்தான். என் சட்டை நன்றாக இல்லை என்றால் அதை என்னிடம் சொல்லமாட்டாய். அடுத்த அறைக்காரன் சட்டையை மூன்று நாள் விடாமல் புகழ்வாய். நான் மாற்றிக்கொண்டுவிடுவேன்.

அந்தப் பதினோரு சுரக் கச்சேரியைப் பற்றி உனக்கு ஒன்று எழுதாமல் விட்டேன். அன்றைக்குத்தான், பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, டபுள் பாஸ்காரர் என்ன வாசிக்கிறார் என்பது என் காதில் விழுந்தது. நன்றாக வாசிக்கிறார், பாவம். நிகழ்ச்சி முடிந்து அவரிடம் சொன்னேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். உன்மேல் கோபப்படுவதா, உனக்கு நன்றி சொல்வதா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மே மாத ஆல்பத்துக்கு நீ விமர்சனம் எழுத வேண்டாம். ஒத்திகைக்கு நேரில் வா. பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். கை அதிகமாக ஓடினால், இருமு, போதும்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குத் திருத்தம் தேவைப்பட்டது. நீ விமர்சனம் எழுதிய அந்த ஆல்பத்தை நாங்கள் அறைக்கு நடுவில் ஒரே ஒரு மைக் வைத்துப் பதிவு செய்தோம். வலது ஸ்பீக்கரில் வருவதுதான், என் பியானோ உட்பட, இடதிலும் வரும். அட்டையின் பின்பக்கம், என் பெயருக்கு நேர் கீழே அச்சிட்டிருக்கிறது.

அன்புடன்,
பத்துவிரல்