வலப்பக்கத்துப் பழுது

என் சைரன் பாப்பாவுக்கு,

இங்கே நான், உன் அம்மா, பழைய ஆம்ப்ளிஃபயர் மூவரும் நலம். அங்கே உன் இருமல் உன்னை விட்டுப் போய், நீ மட்டும் நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. போன வாரம் நீ அம்மாவிடம், "அப்பாவுக்கு எம்மேல இன்னும் கோபம் தீரலையா? ரெண்டு வருஷமா நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்கறாரு, உடனே போனை உங்கிட்ட தள்ளிடறாரு. நான் இங்க வேலைக்கு வந்தது அவ்வளவு பெரிய தப்பா?" என்று கேட்டாயாமே. அம்மா அதில் ஒரு எழுத்தும் குறைக்காமல், தன் பங்குக்கு நாலு எழுத்து சேர்த்து என்னிடம் ஒப்பித்தாள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதில் ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருந்து தொடங்குகிறது, நான் என்ன செய்ய. நடுவில் தாண்டிப் போகாமல் படி, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

பரணில் பதினெட்டு வருஷமாகப் போர்வை போர்த்தித் தூங்கிய அந்தப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். முன்பக்கம் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல், இடப்பக்கச் சத்தத்துக்கு ஒரு ஊசி, வலப்பக்கத்துக்கு ஒரு ஊசி, சத்தம் மிஞ்சினால் சிவப்புக் கோட்டைத் தொடும். ரிட்டயர் ஆனதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதைக் கீழே இறக்கிச் சரிசெய்யலாம் என்று ஆரம்பித்தேன். உன் அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஈயம் உருக்கக் கூடாது, ஒரு மாதத்தில் பாடவில்லையென்றால் பழைய இரும்புக்காரர் கையில் கொடுத்துவிடுவாள். முதல் நிபந்தனை முதல் நாளே காலி. மேஜைவிரிப்பில் விழுந்த ஓட்டையை உப்பு டப்பா வைத்து மறைத்தேன், மூன்று நாள் யார் உப்பு கேட்டாலும் நானே எழுந்து ஊட்டிவிடாத குறையாகப் போட்டேன், அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குளவிக்கூடு, அதற்குப் பக்கத்தில் நாலு சட்டைப் பித்தான்கள். சின்ன வயதில் சூடு போகிற இடுக்கு வழியாக நீ போட்டவை, என் நீலச் சட்டையுடையவை, இப்போது அந்தச் சட்டைதான் இல்லை. கண்டென்சர் எல்லாம் வயிறு உப்பி நின்றன, ஒன்று விடாமல் மாற்றினேன். வால்யூம் திருகில் இருந்த கரகரப்பைக் கழுவினேன். ஸ்பீக்கர் இரண்டிலும் பஞ்சு வளையம் தொட்டால் பொடியாக உதிர்ந்தது, புதிது வாங்கி ஒட்டினேன். பெட்டிக்குள் காலி இடம் இருந்தது, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புளூடூத் பலகையையும் பொருத்திவிட்டேன். இப்போது போனிலிருந்து கம்பி இல்லாமலே பாட்டு போடலாம். வெளியே பார்த்தால் பழைய பெட்டி, உள்ளே இந்தக் காலத்து மூளை. என்னைப் போலவே என்றேன், உன் அம்மா வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

போட்டேன், பாடியது. ஆனால் இடது ஸ்பீக்கர் கணீரென்று இருக்கிறது, வலது ஸ்பீக்கர் ஜுரம் வந்தவன் மாதிரி முனகுகிறது. சரி, வலப்பக்கக் கண்டென்சர்களில் ஏதோ சொத்தை என்று அத்தனையும் மறுபடி மாற்றினேன். அதே முனகல். கடைத்தெரு ரேடியோ மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவரைக் காந்தம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், அவர் கடையில் போய் உட்கார்ந்தால் எழுந்து வர முடியாது, அவ்வளவு பேச்சு. அவரே அன்றைக்கு அரை வார்த்தைதான் பேசினார். கருவியை வைத்து அளந்துவிட்டு, "சார், ரெண்டு பக்கமும் சமமாத்தான் வருது, ஊசியையே பாருங்களேன்" என்றார். பார்த்தேன். இரண்டு ஊசியும் ஜோடி போட்டுக்கொண்டு சமமாக ஆடின. நான் சொன்னேன், ஊசி பொய் சொல்கிறது என்று. முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் சோதனை அறையில் உட்கார்ந்து, சண்டைக்கு வந்தவர்களிடமெல்லாம் "மீட்டர் பொய் சொல்லாது, பாக்கறவங்க கண்ணுலதான் கோளாறு" என்று சொல்லி அனுப்பியவன் நான். அதே வாய்தான் சொல்லியது. காந்தம் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

பிறகு நானே துப்பறிந்தேன். கம்பிகளை இடம் மாற்றினேன், இடப்பக்கக் கம்பியை வலது ஸ்பீக்கருக்கு, வலப்பக்கக் கம்பியை இடதுக்கு. அப்போதும் வலப்பக்கம்தான் முனகியது. ஆக, ஆம்ப்ளிஃபயர் நிரபராதி, குற்றவாளி ஸ்பீக்கர். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், வலப்பக்கம் போன ஸ்பீக்கர் போன உடனே முனகத் தொடங்கியது. அப்படியானால் ஸ்பீக்கரும் நிரபராதி. மிச்சம் இருந்தது வலப்பக்கச் சுவர். ஆமாம் பாப்பா, சிரிக்காதே, சுவர் சத்தத்தைத் தின்கிறது என்று முடிவு கட்டினேன். பீரோவை அந்த மூலையிலிருந்து நகர்த்தினேன், கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டேன், பிறகு கழற்றினேன், பிறகு மறுபடி தொங்கவிட்டேன். ஒன்றும் எடுபடாமல் சத்தத்தை வலப்பக்கம் ஒதுக்கும் திருகை முக்கால்வாசி திருப்பி வைத்தேன், அப்போதுதான் எனக்குச் சமமாகக் கேட்டது. உன் அம்மா வந்து, "வலது பக்கத்துல ஏன் இந்தக் கத்து கத்துது?" என்றாள். உனக்கு இசை நுணுக்கம் பிடிபடாது என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள், என் ஆயுசுக்கும் உபயோகிப்பாள்.

அவள் கொடுத்த மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை, கூடத்தைத் துடைக்கிறேன் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். நான் கவனிக்காமல் அதில் போய் உட்கார்ந்தேன், ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டேன். எழுந்து குதிக்காத குறை. பழுது வலது ஸ்பீக்கரை விட்டு இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது, இதுவரை நன்றாகப் பாடியது முனகுகிறது, முனகியது பாடுகிறது, வா வா வந்து கேள் என்று கூப்பிட்டேன். உன் அம்மா துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். நேராக என்னிடம் வந்தாள். ஈரக் கையால் என் இடது காதைப் பொத்தினாள். பாட்டு தெருக்கோடிக்குப் போய்விட்டது. கையை எடுத்தாள், பாட்டு வீட்டுக்கு வந்தது. மறுபடி பொத்தினாள், மறுபடி போய்விட்டது. அப்புறம் ரொம்பச் சாந்தமாக, "இப்ப எந்தக் கண்டென்சரை மாத்தப் போறீங்க?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். வெளியே வந்ததும் டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இடது காதுக்கோடு நேராகப் போகிறது, வலது காதுக்கோடு படிக்கட்டில் உருண்டவன் மாதிரி கீழே போகிறது. இந்த மெஷினைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன், தொழில் பழக்கம். உன் அம்மா கிள்ளியது இன்னும் சிவந்திருக்கிறது. இது ஒரு நாளில் வந்ததில்லை, மூன்று நாலு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, கருவி வைத்தால் போதும் என்றார். நீயும் பயப்படாதே.

இனிமேல்தான் உன் கேள்விக்குப் பதில். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா, "போன் வந்தா எந்தக் காதுல வெச்சுப் பேசுவீங்க?" என்றாள். யோசிக்காமல் கையைத் தூக்கினேன். வலது கை, வலது காது. உன் பெயர் சைரன் ஆனதே பிறந்த அன்று நீ அழுத அழுகையில் மூன்றாவது வார்டு ஆட்கள் எட்டிப் பார்த்ததால்தான். அப்படிப்பட்ட பெண் இரண்டு வருஷமாகப் போனில் என்னிடம் மட்டும் சன்னமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ புறப்பட்ட அன்று ஃப்யூஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி ஸ்டேஷனுக்கு வராமல் இருந்தேனே, ஒரு ஃப்யூஸும் போகவில்லை. நீ போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அதற்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நான் வராத வருத்தத்தில்தான் நீ குரல் குறைத்துப் பேசுகிறாய், பிடிக்காமல் பேசுகிறவளை ஏன் தொல்லை செய்ய வேண்டும் என்றுதான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். நீ என்னடாவென்றால் கோபம் எனக்கு என்று நினைத்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு பாப்பா. கோபமெல்லாம் நீ ஏறிய ரயில் அடுத்த ஸ்டேஷன் போவதற்குள் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனில் நீ அனுப்பிய பழைய குரல் பதிவு ஒன்றை, போய்ச் சேர்ந்த அன்று அனுப்பியதை, ஆம்ப்ளிஃபயரில் போடச் சொன்னேன். அன்றைக்கும் அம்மா அதை எனக்குக் கேட்கக் கொடுத்தாள், வலது காதில் வைத்து, ஏதோ முணுமுணுப்பு என்று ம் சொல்லித் திருப்பிக் கொடுத்தவன் நான். இப்போது ஒதுக்கும் திருகை நடுவில் வைத்து, இடது காதைத் திருப்பி உட்கார்ந்தேன். "அம்மா, வந்து சேந்துட்டேன். ரூம் சின்னது, ஜன்னல் பெரிசு. அப்பா ஃப்யூஸ் மாத்திட்டாராமா? இங்க ஸ்விட்ச் எல்லாம் தலைகீழா இருக்கு, அவரு வந்து பாத்தாத்தான் எனக்கு நிம்மதி, வரச் சொல்லும்மா." கூடம் முழுக்க நீதான். உன் அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஊசிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டன. மீட்டர் பொய் சொல்லாது.

உடம்பைப் பார்த்துக்கொள், இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேலையில் மேலே மேலே வந்து, நூறு வயது சத்தமாக வாழ்வாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, காந்தம் வந்து போன் பேச்சும் ஸ்பீக்கரில் வரும்படி செய்து கொடுத்துவிட்டார், அவருக்கு முழு டீயும் என் மன்னிப்பும் கிடைத்தன. அக்கம்பக்கத்துக்கும் கேட்கும், அதனால் ரகசியம் இருந்தால் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடு. காதுக் கருவி அடுத்த வாரம் வருகிறது, உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திறந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன், ஸ்க்ரூ டிரைவர்களை உன் அம்மா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். உனக்குச் சொல்லியிருந்தால் எனக்கும் சொல். முக்கியமாக ஒன்று, உன் அறை ஸ்விட்ச் எதையும் வேறு யாரையும் வைத்து மாற்றிவிடாதே. நான் டிக்கெட் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
இடது காதை உன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா