ஏழாம் படுக்கையின் 88 கிலோவைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏழாம் படுக்கை நோயாளியின் மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: அப்பாவின் ஊட்டச்சத்துப் படிவத்தில் உள்ள எடை தவறு, வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு முன் அவரை எடை பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அப்பா லாரி ஓட்டுநர். இடுப்பெலும்பு முறிந்து பதினெட்டு நாள்களாகப் படுக்கையில் இருக்கிறார். சேர்த்த அன்று செவிலியர் அக்கா ஒரு படிவத்துடன் வந்து, எடை எவ்வளவு, அண்மையில் மெலிந்தாரா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். அப்பாவால் நிற்க முடியாததால் எடைக் கருவியில் ஏற்றவில்லை.

2. பதில் சொன்னது நான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவரைச் சிரிக்க வைக்க, "லோடோட சொல்லவா, லோடு இல்லாமலா? எண்பத்தெட்டு!" என்றேன். மெலிந்தாரா என்றதற்கு, "அவரா? வீட்டுக் கதவுதான் மெலியுது" என்றேன். அப்பா சிரித்தார். அக்கா எழுதிக்கொண்டார். உண்மையில் எண்பத்தெட்டு என் வாய்க்கு வந்த எண்; சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். படிவத்தில் ஆபத்துப் புள்ளி: பூஜ்யம்.

3. வாரந்தோறும் மறுபடி பார்க்க வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டு வாரமும் மேலே இருந்த 88-ஐப் பார்த்து 88 என்றே எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு கிராம்கூடக் குறையாத அப்பா, கட்டிலில் பாதியாகிவிட்டார். கைக்கடிகாரம் முழங்கைவரை ஓடுகிறது. நேற்று நான்கு வாய் சாப்பிட்டதோடு தட்டைத் தள்ளிவிட்டார். மிச்சத்தை யாரும் குறிக்கவில்லை.

4. திங்களன்று அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "'சிரித்தால் அபராதம்'னு வார்டு கதவுல ஒட்டினது நீதானே? போ பாப்பா, வேலை கிடக்கு" என்றார். ஒட்டியது நான்தான். அவர்மேல் புகார் இல்லை; நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர். பயிற்சி மருத்துவரோ, "ஆபத்து இல்லைன்னு போட்டிருக்கே" என்றார். அந்த 'இல்லை' என் வாயிலிருந்து வந்தது, ஐயா.

5. உடம்பில் சத்து இல்லாவிட்டால் அறுவைப் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று உணவியல் நிபுணர் எட்டாம் படுக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பூஜ்யம் என்பதால் எங்கள் படுக்கையைத் தாண்டிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

6. ஆகவே நாளைக்குள் அப்பாவை எடை பார்த்து, படிவத்தைத் திருத்தி, உணவியல் நிபுணரை அனுப்பி, அதன் பிறகே அறுவை நாளை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன். படுத்தபடியே எடை பார்க்கும் கருவி மூன்றாம் மாடியில் இருக்கிறது. தள்ளிவர நான் தயார். அது கிடைக்காவிட்டால் மேல்கையை நாடாவால் அளக்கலாம் என்று படிவத்தின் பின்பக்கம் சொல்கிறது. பொய்க்கு என்ன தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள், அப்பாவுக்கு வேண்டாம். என்னை நம்பச் சொல்லவில்லை. கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

நாள்: 14, புதன் காலை
இடம்: ஆண்கள் எலும்பு முறிவு வார்டு

தங்கள் பதிலுக்காக வார்டு வாசலிலேயே நிற்கும்,
(கையொப்பம்)
ஏழாம் படுக்கையின் மகள்