இறகுத் தூண்டில்

புரட்டாசி 12, ஞாயிறு

இன்று அவர் என்னைக் காவேரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். நியூசிலாந்தில் ஓட்டல் வேலைக்குப் போனவர், மூன்று வருஷம் கழித்து லீவில் வந்திருக்கிறார். இங்கே இருந்தவரை தூண்டிலைத் தொட்டவரில்லை.

முள்ளில் புழு இல்லை. இறகை நூலால் சுற்றி ஈ மாதிரி கட்டியிருந்தது. அங்கே மலையாற்றில் டிரௌட் என்ற மீன் இதை நிஜ ஈ என்று நம்பிப் பாய்ந்து கவ்வுமாம்.

"நம்ம ஊர் கெண்டை இதுக்கெல்லாம் ஏமாறாதுங்க" என்றேன். சிரித்தார்.

பிறகு தூண்டிலை என்னிடம் கொடுத்து, பின்னால் ஒட்டி நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கையை வீசாத. மணிக்கட்டு மட்டும் அசையட்டும்" என்று காதருகே மெதுவாகச் சொன்னார். துறையில் துணி துவைத்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். தெருவில் என்னோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிறவர், நகரவில்லை.

அவருக்கும் யாரோ இப்படி நின்றுதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"உங்களுக்கு யாருங்க கத்துக்கொடுத்தது?"

"ஓட்டல்ல கூட வேலை பாக்கறவங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பேசாத, மீன் ஓடிடும்."

தூண்டில் அப்போது தண்ணீரிலேயே இல்லை. கரையில், என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது, அடுத்த வருஷம் என்னையும் அங்கே அழைத்துப்போவதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாரே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

தட்டைப் பார்த்தபடியே, "அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்காது" என்றார்.