எண்ணெய்க் கப்பலில் போனவரின் பெயர்

2024 ஒக்டோபர் 7, திங்கள்

லண்டன் எட்மண்டனில் புதிதாக ஒரு கிழவரைப் பார்க்க விட்டிருக்கிறார்கள். மிஸ்டர் குரூஸ், எண்பத்தெட்டு வயது. கரீபியன் கடலில் டச்சுக்காரர் ஆண்ட அருபாத் தீவுக்காரர். முதியோரை வீட்டில் போய்ப் பராமரிக்கும் எங்கள் கேரர்களில் டச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஹொலண்டில் ஆறு வருடம் விறைத்தது வீண்போகவில்லை. எங்கள் மன்னாரிலும் வீதிக்கொரு குரூஸ் உண்டு என்றேன். சிரிக்கவே இல்லை. சரியான முசுடு.

ஒக்டோபர் 12

நவம்பர் இரண்டில் வரும் ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்குக் கோயிலில் இறந்தவர்களின் பெயர் எடுக்கிறார்கள். துசியந்தி இந்த வருடமும் தொடங்கினாள்.

"அம்மா, அப்பான்ர பேரையும் குடுப்பமே?"

பதினாறு வயது. தகப்பன் முகமே நினைவில்லாத பிள்ளை. கத்திவிட்டேன். "உயிரோட இருக்கிற மனுசனுக்கோ? சண்டை முடியேக்க ஆமியிட்ட சரணடைஞ்சவர். செத்ததை ஆர் கண்டது?"

கதவைச் சாத்திக்கொண்டாள். பதினைந்து வருடமாக எல்லாப் படிவத்திலும் 'மணமானவர்' என்றுதான் எழுதுகிறேன். அது பிழையா?

ஒக்டோபர் 17

குரூஸ் இன்று வாய் திறந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருடைய தீவில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. வெனிசுவேலாவிலிருந்து சிறு கப்பல்கள் சுத்திகரிக்காத மசகெண்ணெய் கொண்டுவரும். காய்ச்சிப் பிரித்துப் போர்முனைக்கு அனுப்புவார்கள்.

"இங்கிலாந்தின் விமானங்கள் எங்கள் எண்ணெயில் பறந்தன" என்றார், தானே ஊற்றிவிட்டதுபோல.

அந்த எண்ணெயை நிறுத்தத்தான் 1942 பெப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கி வந்ததாம். அவருடைய தகப்பன் அப்படியொரு கப்பலில் சமையற்காரர். கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டிக் கடலே எரிந்தது. உடல் கிடைக்கவில்லை. இவருக்கு அப்போது ஆறு வயது.

ஒக்டோபர் 18

தாய் நம்பவில்லையாம். எங்காவது கரையேறியிருப்பார் என்று அவருடைய சட்டையை வாராவாரம் தோய்த்து மடித்து வைப்பாராம். சாகும்வரை ஒரு பூசை கொடுக்க விடவில்லை.

"என் அப்பாவுக்காக யாரும் ஒரு செபம்கூடச் சொன்னதில்லை. அம்மாவை அதற்காக நான் மன்னிக்கவில்லை."

கையிலிருந்த சூப் ஆறிப்போயிற்று.

ஒக்டோபர் 23

தகப்பன் பெயரை எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்குக் கொடுக்கச் சொன்னார். யோஹானஸ் குரூஸ். எழுதியதை இரண்டு முறை வாசிக்க வைத்தார். சந்தேகப் பிராணி.

ஒக்டோபர் 29

குரூஸ் கண்ணை மூடிவிட்டார். நாளை முதல் டொட்டன்ஹாமில் வேறொருவர் என்று ஒஃபிசிலிருந்து மெசேஜ். பஸ்ஸில் அழுதேன் — குரூஸுக்கா, என் மனுசனுக்கா? ஒரு கிழவரைத் தெரிந்தது மூன்று வாரம். இவ்வளவு கண்ணீர் அவருக்கு மட்டும் என்றால் யார் நம்புவார்கள்?

ஒக்டோபர் 31

பட்டியலுக்கு இன்று கடைசி நாள். கோயிலுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துசியந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 2, சனி

பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பது எங்கள் பூசையில் வழக்கம். யோஹானஸ் குரூஸுக்கு ஒருவரும் இல்லை, நான் நின்றேன். அடுத்து அவருடைய மகனின் பெயர். அதற்கும் நான்தான்.

துசியந்தி என் சேலையை இழுத்தாள். "அம்மா, முடிஞ்சுது. இருங்கோ."

நான் உட்காரவில்லை.

"செபமாலைமுத்து, மன்னார்" என்று ஃபாதர் வாசித்தார்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழும்பினாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தகப்பனுக்காக அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

இஞ்சாருங்கோ, உங்கட பேரைக் குடுத்தது நான்தான். கோவிக்காதேங்கோ.