வாசல் கேமரா தேடும் பெயர்

பகல் தொழுகைக்குப் போன கணவர் உமர் இன்னும் திரும்பவில்லை. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சொல்லாமல் மகள் கைனாத் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உமரோடு சாஹிராவுக்குச் சரியான பேச்சில்லை. சாஹிரா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்:

என்னங்க, சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சால்னாவைச் சுட வச்சுக்கோங்க. சாவி பக்கத்து வீட்டு சரசு அக்காகிட்ட.

வாசல் கேமரா ஒண்ணும் கெட்டுப்போகல. கைனாத் போன் இனிமே இந்த வீட்டுல கனெக்ட் ஆகக் கூடாதுன்னு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் மாத்துனீங்கல்ல? கேமரா இன்னும் பழைய பேரைத்தான் தேடிக்கிட்டு இருக்கு. ரூட்டரை எத்தனை தடவை ஆஃப் பண்ணிப் போட்டாலும் வராது. பழைய பேரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்து மாறாமப் போடுங்க, அதுவா வந்துடும்.

வெள்ளிக்கிழமை அவ வயித்துப் புள்ளையோட கேட்டுக்கு வெளியவே ரொம்ப நேரம் நின்னாளாம். பெல் அடிக்கப் பயம். ஆள் நின்னா உங்க போன்ல காட்டும்னு அவளுக்குத் தெரியும், அந்தக் கேமராவை மாட்டுனவளே அவதானே. பார்த்தும் அத்தா வரலைன்னு நினைச்சுப் போயிட்டா. நீங்க கோபப்படுவீங்கன்னு சரசு அக்கா இப்பத்தான் வாயைத் திறந்தாங்க.

ஹாரன் மறுபடி அலறியது. தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

புள்ள தங்கலையாம். கீழ்க்கட்டளை ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவளை இங்கதான் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள பழைய பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு வைங்க. உள்ள நுழைஞ்சதும் அவ போனும் தானா சேர்ந்துக்கும்.